எலுமிச்சை ஊறுகாய்: கசக்கிறதா, பூத்துவிட்டதா, ஊறவே இல்லையா?

ஊறுகாய் போட்ட ஐந்தாம் நாளே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுவிட்டு, "கசக்குது, வீணாப் போச்சு" என்று முடிவு கட்டுபவர்கள் நிறையப் பேர். எலுமிச்சை ஊறுகாயில் குறை என்று சொல்லப்படுகிற பலவும் குறையே இல்லை, இன்னும் ஊறவில்லை, அவ்வளவுதான். நிஜமாகவே கெட்டுப்போனதென்றால் பெரும்பாலும் தண்ணீர் பட்டிருக்கும், அல்லது உப்பு குறைந்திருக்கும். ஆகவே எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது நாள் கணக்கு. போட்டு எத்தனை நாளாயிற்று? எந்தக் கட்டத்தில் இது தெரிந்தது? அதற்கப்புறம்தான் கரண்டியை எடுக்க வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு வேண்டுமே, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1 கிலோ எலுமிச்சைக்கு (நடுத்தரப் பழமென்றால் ஏறக்குறைய 25) 200 கிராம் கல் உப்பு, 2 தேக்கரண்டி மஞ்சள் தூள், 80 முதல் 100 கிராம் மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த வெந்தயம் 1 மேசைக்கரண்டி, பெருங்காயத்தூள் 2 தேக்கரண்டி, நல்லெண்ணெய் 200 மில்லி. பழத்தைக் கழுவித் துடைத்து, ஈரம் முழுக்கப் போகும்வரை ஆறவிட்டு, எட்டாக நறுக்கி விதையை எடுத்துவிட வேண்டும். உப்பும் மஞ்சளும் கலந்து பீங்கான் ஜாடியிலோ கண்ணாடி பாட்டிலிலோ போட்டு, வாயில் துணியை வேடு கட்டி, பகலில் வெயிலில் வைத்து, தினமும் ஒருமுறை குலுக்கிவிட்டால் 2 முதல் 3 வாரத்தில் தோல் மெத்தென்று ஆகும். மிளகாய்த்தூள், வெந்தயம், தாளிப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை மாற்றியதால் வருகிற கோளாறுகளே கீழே பாதி இடத்தைப் பிடித்திருக்கின்றன.

மேலே வெள்ளையாக ஏதோ தெரிகிறது

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் பூஞ்சை இல்லை. மூன்றில் ஒன்றாக இருக்கும், மூன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு.

துண்டுகளின் மேலோ ஜாடியின் உள்பக்கச் சுவரிலோ மணல் மணலாக, பளபளப்பாக ஒட்டிக்கொண்டிருந்தால் அது உப்பு. சாறு கொஞ்சம் வற்றியதும் கரைந்திருந்த உப்பு மறுபடி படிந்திருக்கிறது. சந்தேகமாக இருந்தால் அதில் துளி எடுத்து வெந்நீரில் போட்டுப் பாருங்கள். மிச்சமில்லாமல் கரைந்தால் உப்புதான். ஒன்றும் செய்ய வேண்டாம், இரண்டு பழத்தின் சாற்றைப் பிழிந்து ஊற்றிக் குலுக்கிவிட்டால் போதும்.

சாற்றின் மேல் மெல்லிய ஆடை படர்ந்தது போல, தட்டையாகவோ லேசான சுருக்கத்தோடோ தெரிந்தால் அது ஒருவகை ஈஸ்ட். உப்பு போதாமல் இருக்கும்போதும், பல நாள் கிளறாமல் விட்டபோதும் வரும். பொதுவாகக் கெடுதல் செய்யாது, ஆனால் விட்டுவைத்தால் வாடையைக் கெடுக்கும். உலர்ந்த கரண்டியால் முழுவதும் வழித்தெடுத்துவிட்டு, கிலோவுக்கு 2 மேசைக்கரண்டி உப்பும் கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் சேர்த்து, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் வையுங்கள். வாடை புளிப்பாகவும் சுத்தமாகவும் இருந்தால் தொடரலாம். மறுபடியும் ஆடை கட்டினால் அந்த ஜாடியோடு மல்லுக்கட்ட வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

மூன்றாவதுதான் பூஞ்சை. பஞ்சுபோல எழும்பி, மயிரிழைகளாக, வெள்ளையிலோ பச்சையிலோ சாம்பலிலோ கறுப்பிலோ இருக்கும். சாற்றுக்கு மேலே துருத்திக்கொண்டிருந்த துண்டில்தான் பெரும்பாலும் ஆரம்பிக்கும், ஏனென்றால் பூஞ்சைக்குக் காற்று வேண்டும். பூத்த இடத்தை மட்டும் வழித்துப்போட்டுவிட்டு, சூடான எண்ணெய் ஊற்றிச் சாப்பிடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். மேலே தெரிவது பூஞ்சையின் ஒரு பகுதிதான், அதன் இழைகள் கீழே இறங்கியிருக்கும். சில பூஞ்சைகள் நச்சுப் பொருளையும் உண்டாக்கும், அதைச் சமையல் சூடு அழித்துவிடாது. போதாததற்குப் பூஞ்சை புளிப்பையும் தின்னும். எலுமிச்சைக்குக் காவலே அந்தப் புளிப்புதான், அது குறைந்தால் மற்ற கிருமிகளுக்கும் இடம் கிடைத்துவிடும். ஒரு கிலோ எலுமிச்சை எவ்வளவு விலை விற்றாலும் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரும் செலவுக்கு வராது.

அடுத்த ஜாடியில் பூக்காமல் இருக்க வேண்டுமே. துண்டுகள் எல்லாம் சாற்றுக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். முதல் வாரத்தில் சாறு போதவில்லையென்றால் நாலைந்து பழத்தைப் பிழிந்து ஊற்றத் தயங்க வேண்டாம். ஜாடியின் கழுத்தில் ஒட்டும் மசாலாவை அவ்வப்போது உலர்ந்த துணியால் துடையுங்கள், பூஞ்சை முதலில் அங்கேதான் குடியேறும். வேடு கட்டும் துணியும் காய்ந்திருக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் மோர் சாதக் கையோடு ஜாடிக்குள் கரண்டி விடுகிறவர் வீட்டுக்கு ஒருவர் இருப்பார். அவரைத் திருத்துவதைவிட, வாரத்துக்கு வேண்டியதைச் சின்ன பாட்டிலில் எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் பெரிய ஜாடியை உள்ளே ஒளித்துவைப்பது சுலபம்.

கசக்கிறது

நாள் கணக்கு அதிகம் உதவுவது இங்கேதான்.

முதல் இரண்டு வாரம் எல்லா எலுமிச்சை ஊறுகாயும் கசக்கும். தோலில் கசப்பான எண்ணெய்கள் இருக்கின்றன. தோலுக்கும் சுளைக்கும் நடுவே இருக்கும் வெள்ளைப் பகுதியிலும் விதையிலும் லிமோனின் என்ற கசப்புப் பொருளின் மூலம் இருக்கிறது. முழுப் பழத்தில் இது கசப்பில்லாத வடிவத்தில் இருக்கும். பழத்தை நறுக்கி, புளிப்புச் சாறு அதன்மேல் பட்டதும் மெதுவாகக் கசப்பாக மாறும். நறுக்கியதும் வாயில் போட்டால் தெரியாத கசப்பு மறுநாள் தெரிவது இதனால்தான். பிறகு தோலுக்குள் உப்பு இறங்க இறங்க நாக்குக்கு அந்தக் கசப்பு மட்டுப்படும். உப்புக்குக் கசப்பை அடக்கும் குணம் உண்டு. ஆகவே 3 வாரத்துக்குள் கசந்தால் ஒன்றும் செய்யாதீர்கள். உப்பு அளவு சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவையுங்கள்.

ஒன்றரை மாதம் ஆகியும் கசப்பு முன்னால் நின்றால், பழத்தில் அல்லது நறுக்கியதில் காரணம் இருக்கும். விதையை எடுக்கவில்லையா? நறுக்கும்போது விதையும் சேர்ந்து வெட்டுப்பட்டதா? வெட்டுப்பட்ட விதைதான் முழு விதையைவிட மோசம். பழம் பச்சையாக, காயாக இருந்ததா? தோல் தடித்த ரகமா? தோல் எவ்வளவு தடிப்போ அவ்வளவு வெள்ளைப் பகுதி, அவ்வளவு கசப்பு. நம்மூரில் ஊறுகாய்க்கு மெல்லிய தோலும் நிறையச் சாறும் உள்ள சின்ன மஞ்சள் பழத்தைத் தேடி வாங்குவது சும்மா இல்லை. தென்காசி மாவட்டத்துப் புளியங்குடி எலுமிச்சைக்குச் சந்தையில் இருக்கும் பெயரும் அந்தச் சாற்றால்தான். பழத்தை வாங்கும்போது கையில் கனமாக இருக்கிறதா, விரலால் அழுத்தினால் கொஞ்சம் இளகுகிறதா என்று பார்த்தாலே பாதிக் கசப்பைக் கடையிலேயே விட்டுவிட்டு வரலாம்.

இந்த வகைக் கசப்பை ஓரளவு சரிசெய்யலாம். தட்டுப்படும் விதைகளைப் பொறுக்கி எடுங்கள். அரை கிலோ ஊறுகாய்க்கு ஒன்று அல்லது இரண்டு மேசைக்கரண்டி துருவிய வெல்லம் சேர்த்துக் கலந்து, இன்னும் ஒரு மாதம் விடுங்கள். இனிப்பு தெரியும் அளவுக்குப் போட வேண்டியதில்லை, கசப்பின் முனை மழுங்கினால் போதும்.

மசாலா சேர்த்த அன்றுவரை நன்றாக இருந்து, அதற்கு மறுநாளிலிருந்து கசந்தால் குற்றவாளி எலுமிச்சை அல்ல, வெந்தயம். வெந்தயம் பொன்னிறத்திலிருந்து கருஞ்சிவப்புக்குப் போக அரை நிமிடம் போதும், அந்த அரை நிமிடத்தில்தான் கைபேசி அடிக்கும். கருகிய வெந்தயப் பொடியை ஊறுகாயிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை. உப்பில் ஊறிய எலுமிச்சைத் துண்டுகள், மசாலா சேர்க்காதவை, தனியாக மிச்சம் இருந்தால் அதோடு கலந்து கசப்பை விரிக்கலாம். நான் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உப்பு எலுமிச்சையைத் தனி பாட்டிலில் நிறுத்திவைக்கச் சொல்வது இதற்காகத்தான். தயிர் சாதத்துக்கு அது தனியாகவும் நன்றாகவே இருக்கும். அடுத்த முறை வெறும் வாணலியில் மிகச் சின்னத் தீயில் வறுத்து, நிறம் மாற ஆரம்பித்து வாசனை வந்ததுமே தட்டில் கொட்டிவிடுங்கள். வாணலியிலேயே விட்டால் அடுப்பை அணைத்த பிறகும் கருகும்.

தாளித்த கடுகு தீய்ந்திருந்தாலும் இதே கதைதான். மிளகாய்த்தூளைக் கொதிக்கும் எண்ணெயில் போட்டுக் கருக்கியிருந்தால் கசப்போடு நிறமும் செத்திருக்கும், பார்த்தாலே தெரியும்.

தோல் ரப்பர் மாதிரி இருக்கிறது

மெல்ல மெல்ல வாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும் தோலுக்கு, பெரும்பாலும் எண்ணெயைச் சீக்கிரம் ஊற்றியதுதான் காரணம். எண்ணெய் துண்டின் மேல் பூசிக்கொண்டால் உப்பும் சாறும் தோலுக்குள் இறங்குவது தடைப்படும். அதனால்தான் ஊறிய பிறகு தாளிப்பு என்பது. இரண்டாவது காரணம் குளிர்சாதனப் பெட்டி. போட்ட அன்றே உள்ளே வைத்துவிட்டால் குளிரில் எல்லாம் மந்தமாகிவிடும், மாதக் கணக்கில் கிடந்தாலும் தோல் அசையாது. பழம் வாங்கிப் பல நாள் கிடந்து தோல் காய்ந்து இறுகியிருந்தாலும் இப்படி ஆகும்.

எண்ணெய் இன்னும் ஊற்றவில்லையென்றால் கவலையே இல்லை. 4 பழத்தின் சாற்றைச் சேர்த்து, ஒரு வாரம் வெயிலில் வையுங்கள். எண்ணெய் ஊற்றியாகிவிட்டது என்றால் ஆவிதான் வழி. துண்டுகளைச் சாறு, எண்ணெய் எல்லாவற்றோடும் கண்ணாடி அல்லது நல்ல எவர்சில்வர் பாத்திரத்தில் எடுத்து, தண்ணீர் சொட்டாதபடி மூடி, இட்லிப் பானைக்குள் 10 நிமிடம் வையுங்கள். முழுக்க ஆறிய பிறகு காய்ந்த பாட்டிலுக்கு மாற்றுங்கள். சூடாக மூடினால் மூடியில் நீர் கோத்து உள்ளேயே சொட்டும், அப்புறம் முதல் கோளாறுக்குத் திரும்ப வேண்டியதாகிவிடும். ஆவியில் வைத்த ஊறுகாயின் சுவை கொஞ்சம் மாறும், பச்சை எலுமிச்சை வாசம் போய் வேகவைத்த வாசம் வரும். எனக்கு அது இரண்டாம் பட்சம்தான், ஆனால் பல் இல்லாத பெரியவர்கள் இதையே விரும்பிக் கேட்பார்கள்.

நுரைக்கிறது, மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று வருகிறது

உள்ளே நொதிக்கிறது. எலுமிச்சையின் புளிப்பில் பெரும்பாலான பாக்டீரியா தலையெடுக்காது, ஈஸ்ட் மட்டும் தாக்குப்பிடிக்கும். அதைக் கட்டுப்படுத்துவது உப்பின் வேலை. ஆகவே முதலில் உப்புக் கணக்கைப் பாருங்கள். டம்ளரால் அளப்பவர்களுக்கு இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு டம்ளர் பொடி உப்பின் எடையைவிட ஒரு டம்ளர் கல் உப்பின் எடை குறைவு, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி இருப்பதால். பொடி உப்புக்குச் சொன்ன டம்ளர் கணக்கில் கல் உப்பைப் போட்டால் குறைந்துவிடும். ஊறுகாய்க்காவது தராசை எடுத்துவிடுங்கள்.

முதல் பத்து நாளுக்குள், புளிப்பு வாசம் மட்டும் இருக்கிற நிலையில் சின்னச் சின்னக் குமிழி வந்தால், கிலோவுக்கு 50 கிராம் உப்பு சேர்த்துக் கிளறி, இறுக்கி மூடாமல் வேடு கட்டி வெயிலில் வையுங்கள், அடங்கிவிடும். கள் வாடை, அழுகல் வாடை, வழவழப்பு இவற்றில் ஒன்று வந்துவிட்டாலும் அதைச் சாப்பிட்டுப் பார்த்துச் சோதிக்க வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

இரத்த அழுத்தம் இருக்கிறது, உப்பைக் குறைத்துப் போடலாமா என்று கேட்பார்கள். ஜாடியில் குறைப்பதைவிட இலையில் குறைப்பது நல்லது. அப்படியும் குறைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் அதை வெளியில் வைக்கும் ஊறுகாயாக நினைக்காமல், கொஞ்சமாகப் போட்டு, குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும்.

சாறு வற்றிக் கெட்டியாகிவிட்டது

மிளகாய்த்தூளும் வெந்தயப் பொடியும் சாற்றைக் குடித்துவிட்டன. வெந்தயம் ஊறினால் கொழகொழவென்று உப்பும், அதனால் ஒரு கரண்டி கூடினாலும் ஊறுகாய் இறுகிவிடும். எலுமிச்சைச் சாற்றில் உப்பைக் கரைத்து ஊற்றுங்கள், 100 மில்லி சாற்றுக்கு 15 முதல் 20 கிராம் உப்பு. தண்ணீர் வேண்டாம், கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரும் வேண்டாம். கொதித்த தண்ணீரில் கிருமி இருக்காது என்பது சரி, ஆனால் அது உப்பையும் புளிப்பையும் நீர்த்துப்போகச் செய்கிறதே, அதுதான் பிரச்சினை. தயார் வினிகர் சேர்க்கலாம், கெடாது, ஆனால் எலுமிச்சை ஊறுகாயில் வினிகர் வாசம் வருவதை நான் ரசித்ததில்லை.

மாறாக நீராக ஓடினால் பதற்றம் வேண்டாம். மேலே துணி கட்டி நாலைந்து நாள் வெயிலில் வைத்தால் தானே சுண்டும்.

உப்பு தூக்கலாக இருக்கிறது

மூன்றாம் வாரம் வரை சாறுதான் உப்பாக இருக்கும், தோல் இன்னும் உறிஞ்சியிருக்காது. ருசி பார்ப்பவர் சாற்றைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு முகம் சுளிப்பார். துண்டைக் கடித்துப் பார்த்துச் சொல்லுங்கள். ஒரு மாதத்துக்குப் பிறகும் அதிகம் என்றால் உப்பில்லாத எலுமிச்சைத் துண்டுகளை, இருப்பதில் நாலில் ஒரு பங்கு அளவுக்கு, சாற்றோடு சேர்த்து இன்னும் 2 வாரம் ஊறவிடுங்கள். கழுவி உப்பை எடுக்கிறேன் என்று இறங்கிவிடாதீர்கள்.

காரம் கூடினாலும் இதே மருந்து. காரம் குறைந்தால் வறுத்துப் பொடித்த மிளகாய் சேர்ப்பது சுலபம்தான். நிறத்துக்குக் காஷ்மீர் மிளகாய், காரத்துக்குக் குண்டூர் மிளகாய் என்று கலந்து போட்டால் சிவப்பும் உறைப்பும் தனித்தனியாக உங்கள் கைக்குள் இருக்கும்.

கறுத்துக்கொண்டே வருகிறது

வாரங்கள் போகப் போக மஞ்சள் மங்கிப் பழுப்பாவது இயல்பு. எலுமிச்சையின் வைட்டமின் சி சிதைவதாலும், சர்க்கரையும் புரதமும் மெதுவாக வினைபுரிவதாலும் நிறம் ஆழமாகிறது. மிளகாயின் சிவப்பும் வெளிச்சத்தில் வெளுக்கும். வருடக் கணக்கில் உப்பில் கிடந்து கறுத்த எலுமிச்சையைக் காய்ச்சலுக்குப் பிறகு கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளவென்றே வைத்திருக்கும் வீடுகள் உண்டு. அது கெட்டதல்ல. சிவப்பாகவே இருக்க வேண்டுமென்றால், ஊறிய பிறகு வெயிலை நிறுத்திவிட்டு இருட்டான அலமாரிக்கு மாற்றுங்கள்.

ஓரிரு நாளில் திட்டுத் திட்டாகக் கறுத்தால் உலோகத்தைச் சந்தேகியுங்கள். இரும்புக் கத்தி, இரும்பு வாணலி, அலுமினியப் பாத்திரம், பித்தளைக் கரண்டி எதுவும் இந்தப் புளிப்புக்கு ஆகாது. மூடிக்கு உள்ளே துருப்பிடித்து ஊறுகாயில் சொட்டியிருந்தால், ஓரத்தை மட்டும் எடுத்துவிட்டு மீதியைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள்.

எண்ணெய் சிக்கு வாடை அடிக்கிறது

புளிப்பும் உப்பும் சரியாக இருக்கும் எலுமிச்சை ஊறுகாய் எண்ணெய் இல்லாமலே நிற்கும். எண்ணெய் ருசிக்கும், மேலே மிதந்து காற்றைக் கொஞ்சம் தடுப்பதற்கும். நல்லெண்ணெயில் இயற்கையாகவே இருக்கும் சில பொருள்கள் அதைச் சீக்கிரம் சிக்குப் பிடிக்காமல் காப்பதால் பழைய ஆட்கள் அதையே ஊற்றினார்கள். வடை சுட்ட எண்ணெயை மிச்சம் பிடிக்க ஊறுகாயில் ஊற்றினால் ஒரு மாதத்தில் வாடை காட்டிவிடும். லேசான வாடை என்றால் மேலே நிற்கும் எண்ணெயை முழுக்க வடித்துவிட்டு, புதிய நல்லெண்ணெயைக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே ஆறியதும் ஊற்றலாம். துண்டுக்குள்ளேயே வாடை ஏறிவிட்டால் மாற்று இல்லை.

உடனடி ஊறுகாய் ஒரு வாரத்திலேயே கெட்டுவிட்டது

முழுப் பழத்தை வேகவைத்து நறுக்கி, அன்றே தாளித்துச் சாப்பிடுவது வேறு பண்டம். வேகும்போது தண்ணீர் உள்ளே போகிறது, உப்பும் நாம் வாய்க்கு வேண்டிய அளவுதான் போடுகிறோம். அதை ஜாடி ஊறுகாயோடு ஒப்பிட்டு ஏமாற வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து 2, 3 வாரத்தில் தீர்த்துவிடுங்கள். பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய் சேர்ப்பவர்கள் அவையும் எலுமிச்சைச் சாற்றில் மூழ்கியிருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். பூண்டில் புளிப்பு கிடையாது. எண்ணெயில் மட்டும் மூழ்கி வெளியில் கிடக்கும் பூண்டில் நச்சுக் கிருமி வளர வாய்ப்பு உண்டு, அதை மூக்காலும் நாக்காலும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் பூண்டை முதலில் உப்புச் சாற்றில் சில நாள் ஊறவைத்து, புளிப்பு உள்ளே இறங்கிய பிறகே எண்ணெய் ஊற்றுங்கள்.